பூஜ்ஜியப் பக்கமும் சந்தனப் பொட்டும்

குளிரூட்டிய அறைக்குள் சந்தன வாசனை... எண்பதுகளின் நடுவில், சேலத்தை அடுத்த ஓர் ஆலையின் கம்ப்யூட்டர் அறை. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை.

மெஷின் மூன்றாவது முறையாக உறைந்து நின்றது.

மெஷினை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலில் ஒரு பகுதியை நான் திருத்தி எழுதியிருந்தேன். மெமரி பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு புரோகிராம் கேட்கும் பக்கம் அங்கே இல்லையென்றால், கெர்னல் அதை டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும். இல்லாத பக்கங்களை வேண்டுமென்றே கேட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

மெமரிப் பெட்டியைத் திறந்தேன். காற்றுத் துளையோரம் காய்ந்த சந்தனம்!

ஆபரேட்டர் பழனிச்சாமியை அழைத்தேன்.

"இது மெஷினா, மாரியம்மன் கோயிலா?"

"பொட்டு வெச்சதுக்கா மேடம் படுத்துக்கிச்சு? எங்கய்யன் லாரிக்கு அப்பு அப்புன்னு அப்புறாருங்க. சங்ககிரில கெளம்புனா பம்பாய்லதான் நிக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மீது புகார்க் கடிதம் எழுதினேன், கான்வென்ட் கையெழுத்தில், ஓர் அடித்தல் இல்லாமல். அவருடையது தற்காலிக வேலை. மாலையில் கடிதம் மேலாளரிடம் போனால், மறுநாள் வரவேண்டியதில்லை.

"தை மாசம் கண்ணாலமுங்க மேடம்..." என்றார்.

பெட்டியைத் துடைத்தோம். சோதனை மறுபடி தோற்றது. நான் எழுதிய நிரல் முழுவதையும் அச்சிடச் சொன்னேன். அவர் தாள்களைக் கிழித்து எண்ணினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

"ஒன்று என்று சொல்ல வராதா?"

"மொதலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டமுங்க. களத்துல நெல்லு அளக்கறப்ப இருந்து வர்ற பழக்கம்."

முதலாவதுக்கு ஒன்று இல்லை...

தாளைப் பிடுங்கினேன். மெஷினுக்கு முதல் பக்கம் பூஜ்ஜியம். நான் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தேன். பூஜ்ஜியப் பக்கத்தை என் நிரல் கொண்டுவரவே இல்லை. புரோகிராம் அதையே கேட்டுக் கேட்டு நின்றுபோயிருக்கிறது.

ஒரே ஓர் எண்ணைத் திருத்தினேன். சோதனை கடைசிவரை ஓடியது.

கடிதத்தை நான்காகக் கிழித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காப்பி சொல்லட்டுங்களா மேடம்?"

"சர்க்கரை வேண்டாம்" என்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. தை மாதம் அவர் கல்யாணத்துக்குப் போனேன், அங்கேயும் கேட்கவில்லை. என் கணவர் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சீண்டுவார்.

இப்போது எது நின்றாலும் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். யார் தவறு என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்த எனக்கோ, என்னைக் கேட்டுக்கொள்ள ஒரு பகல் முழுவதும் பிடித்தது.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் லேப்டாப்புக்குச் சந்தனம் வைக்கிறேன்... காற்றுத் துளையை விட்டுத் தள்ளி, அளவாக.