கப்பலேறி வந்த சாமான்கள்

என் கடை வாசலில் நின்றுகொண்டு யாராவது "நம்ம பாரம்பரியச் சமையல்" என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் கிளம்பிவிடும். ஒரு கையில் வற்றல் மிளகாய்ப் பொட்டலம், இன்னொரு கையில் உருளைக்கிழங்குப் பை, வாயில் பாரம்பரியம். மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காக் கண்டத்தில் பிறந்தவை. வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கியவை. அது தெரியாமல் ஆயிரம் வருஷத்துச் சொத்து போலப் பேசுவார்கள். சிரித்துவிட்டுச் சில்லறை கொடுத்து அனுப்புவேன்.

உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, "உங்க நாட்டுக்குப் போங்க" என்று துரத்தப்பட்டு, கப்பலில் ராமேஸ்வரம் வந்தவன். வத்தலக்குண்டு மார்க்கெட்டில் மூட்டை சுமந்தேன். கொடைக்கானல் ஏறினேன். பத்துப் பேர் வேலை செய்யும் மளிகைக் கடையை என் தோளாலேயே கட்டினேன். இங்கே ஒரு பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் சாமான் வாங்க வருவார். சாக்குக்குள் கையை விட்டு அளைந்துகொண்டே ஒவ்வொன்றும் எந்த தேசத்திலிருந்து வந்தது என்று சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. பெருங்காயம் ஆப்கானிஸ்தான் பக்கம். சீரகம், மல்லி எல்லாம் அதற்கும் மேற்கே. பழனி பஞ்சாமிர்தத்தில் போடுகிற பேரீச்சம்பழம் அரபு தேசம். அவரிடம் வருஷக்கணக்கில் படித்த பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்திருக்கும். கல்லாவில் உட்கார்ந்து காதை மட்டும் கொடுத்த நான் ஒன்றையும் மறக்கவில்லை. படிப்பு என்றால் அதுதான்.

இந்தப் படிப்பு எனக்கு ஒரே ஒரு தடவைதான் உயிர் போகிற காரியத்துக்கு உதவியது. என் மகள் கல்யாணத்துக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, மலை மேலெல்லாம் செல்போன் கோபுரம் நிறுத்திக்கொண்டிருந்த காலம். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து என் கடைக்குப் பூண்டு கொண்டுவரும் பையன் ஒருவன் இருந்தான். நல்ல பையன். மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பான். கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவன் பார்த்தது தராசுக்குப் பின்னால் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் மகளை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா அம்மாவும் சம்மதம். ஆனால் அந்தக் குடும்பத்தில் பையனின் பெரியப்பா தலையசைக்காமல் ஒரு பானை அடுப்பில் ஏறாது. பூண்டும் உருளையும் போட்டுக் காசு பார்த்த மனிதர். தன் தோட்டத்துக்கு வெளியே உலகம் இருப்பதாகவே நினைக்காதவர்.

பெண் பார்க்க வந்தபோது காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"பொண்ணு மகாலெச்சுமியா இருக்கு, கடைக்காரரே. கொறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா நீங்க வந்தவுக. மண்ணு வேறல்ல?"

மண் என்று சொல்வதற்கு முன் வேறு ஒரு சொல்லை அவர் விழுங்கியது எனக்குத் தெரிந்தது. என் மனைவிக்கும் தெரிந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த மண்ணுதாங்க. பொழைக்கப் போன எடந்தான் சிலோன்," என்றேன்.

"அது சரி. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். நிச்சயத்தன்னைக்கி ஒங்க சிலோன் சம்பலு, மாசிக் கருவாடு எதுவும் எங்க சனம் எலையில விழக்கூடாது. நம்ம மண்ணோட சாப்பாடு மட்டுந்தான். வெளியூருச் சாமான் ஒண்ணு விழுந்துச்சு, நான் கைய நனைக்காம எந்திரிச்சிருவேன்."

சபையில் இலையை விட்டு அவர் எழுந்தால் நிச்சயம் முறிந்தது என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் நின்ற என் மகள் முகம் வெளுத்துவிட்டது.

"சரிங்க. வெளியூருச் சாமான் ஒண்ணும் விழாது," என்றேன் நான். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான். ஊருக்கே தெரியும்.

அடுத்த வாரம் அவர்கள் குலசாமிக்குப் பூசை. சோலைக்காட்டு ஓரத்தில் கோயில். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்களே பொங்கிப் படைத்தார்கள். சாமைச் சோறு, மிளகு தட்டிப் போட்ட மொச்சை, வாழைக்காய், இஞ்சி போட்ட மோர். அவ்வளவுதான். மிளகாயைக் கண்ணில் காணோம். உருளை இல்லை. அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பூண்டும் இல்லை.

"ஏன் பெரியவரே, மிளகாய் போட மாட்டீங்களா?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன்.

"சாமிக்கு ஆகாதுங்க. அந்தக் காலத்துல இருந்தே அப்பிடித்தான்."

"ஏன் ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாது. அதையெல்லாம் போயி கேட்டுக்கிட்டு!" என்று முறைத்தார்.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. இவர்கள் சாமி மிளகாய் வருவதற்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்துவிட்டது. பிறகு வந்தது எதையும் அதன் முன்னால் வைக்கத் துணியவில்லை. அதன் வயிற்றுக்குத் தெரிந்தது அதன் பிள்ளைகளின் மண்டைக்குத் தெரியவில்லை. படைத்த சோற்றில் ஒரு பருக்கையைக் கூட இலையில் விட மாட்டார்கள், விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பதையும் அன்று பார்த்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் சமையல்காரர் சாமான் கேட்டபோது நான் சொன்னதைக் கேட்டு அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? பொண்ணு வாழ்க்கைங்க இது!"

"அவரு கேட்டதத்தான நான் செய்றேன்?"

மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள் மட்டும் பேசாம இருந்துருங்கப்பா."

"நான் வாயே தெறக்க மாட்டேன், போ," என்றேன்.

மறுநாள் அவர்கள் சனம் வேனில் வந்து இறங்கியது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் சாப்பாடு, அது அவர்கள் வழக்கம். இலை போட்டோம். சாமைச் சோறு விழுந்தது. மொச்சை விழுந்தது. வாழைக்காய், துவரம்பருப்பு, கத்தரிக்காய். எல்லாவற்றிலும் மிளகு, மஞ்சள், நல்லெண்ணெய். ரசம் இல்லை. புளி கூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று வாத்தியார் ஒரு தடவை சொன்ன ஞாபகம், அதனால் அதையும் தள்ளிவிட்டேன்.

பந்தியில் எல்லாரும் இலையைத் துழாவினார்கள். முதலில் வாயைத் திறந்தது அவர்கள் பக்கத்து வயசாளி ஒருவர்.

"ஏலே, யாருக்குலே ஒடம்பு சரியில்ல? பத்தியச் சோறு போட்டுருக்காக!"

பெண்கள் வரிசையில் சிரிப்பு. "ஏங்கக்கா, ஊறுகாயாச்சும் கெடக்கா பாருங்க," என்று ஒருத்தி. "பெத்த மகளுக்கே இப்பிடிப் போட்டா, மருமகனுக்கு என்னத்தப் போடப் போறாரு," என்று இன்னொருத்தி.

பெரியப்பா சோற்றைப் பிசைந்தவர் கையை நிறுத்தினார். "கடைக்காரரே, உருளக்கெழங்கு எங்க?"

"அது அமெரிக்காங்க."

"தக்காளி?"

"அதுவும்."

"கேரட்டு, பீன்சு? எங்க தோட்டத்துல வெளையுதே!"

"வெள்ளக்காரன் அவன் வயித்துக்கு வேணும்னு கொண்டாந்து போட்டதுங்க. வெளையுற எடம் ஒங்க தோட்டந்தான். நான் வெளையுறேன்ல, இந்த ஊர்ல? என்னைய மட்டும் வந்தவன்னு சொல்றீங்களே."

வாயே திறக்க மாட்டேன் என்று மகளிடம் சொன்னது அத்தோடு போயிற்று. கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க நான் என்ன ஊமையா?

அவர் முகம் கறுத்தது. "பூண்டு? அதையுமா?"

"வடக்க, இமயமலையையும் தாண்டிங்க. ரொம்பப் பழசு. ஆனாலும் வந்ததுதான்."

பூண்டு விளைவிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்த பந்தியில் இதைச் சொன்னேன். யாரோ செருமினார்கள். பெரியப்பா இடது கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் "பெரியப்பா..." என்று அலறாத குறை. சமையல்கட்டு வாசலில் என் மகள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது அவரை அல்ல, என்னை. அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

நான் அவர் இலைக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

"எந்திரிங்க, வேணாங்கல. ஆனா இது ஒங்க குலசாமிக்குப் படைக்கிற அதே சோறுங்க. அதே சாமை, அதே மொளகு, அதே மொச்ச. ஒங்க மண்ணோட சாப்பாடுன்னா அந்தச் சாமிக்குத் தெரியாததா? சாமி சோத்தப் பாதியில வச்சுட்டு எந்திரிக்கிற ஆளா நீங்க?"

ஊன்றிய கை அப்படியே நின்றது. அவர் இலையைப் பார்த்தார். தன் சனத்தைப் பார்த்தார். அவ்வளவு பேரும் அவர் என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்ல உட்கார்ந்தார்.

சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டதால் மொத்தப் பந்தியும் சாப்பிட்டது. பத்தியச் சோறு என்று கேலி பேசிய கிழவரும் இலையை வழித்தார். மிளகாய் இல்லாமல் விழுங்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு அவர் எழுந்தார். தன் பக்கமாக மடித்தால் உறவு தொடரும் என்று பொருள். கை கழுவிவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"வெரசாத் தட்ட மாத்துங்க," என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு, சம்பந்தி. கல்யாணச் சாப்பாடு எங்க சோலி. ஒங்க கையில விட்டா வந்த சனத்தப் பட்டினி போட்டே கொன்னுருவீக."

முதல் தடவையாகச் சம்பந்தி என்றார். தட்டை எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டேன்.

மகள் கல்யாணம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் அவளுக்கு. என் வாய் இல்லையென்றால் அந்தப் பெரிய மனிதர் வருஷா வருஷம் அவள் முகத்துக்கு நேரே மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

அவர் மட்டும் மாறினாரா என்ன? மன்னவனூர்ப் பக்கம் போய்க் கேளுங்கள். "நிச்சயத்துக்குச் சாமிச் சாப்பாடுதான் போடணும்னு நாந்தான் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேன்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். அந்த வீட்டில் என் மகள் அம்மியில் தேங்காயும் வற்றல் மிளகாயும் மாசியும் வைத்துச் சம்பல் அரைத்தால் முதலில் தட்டை நீட்டுவது அவர்தானாம். உறைப்பு போதவில்லை என்று குறை வேறு சொல்கிறாராம்.