மூடாத இடது கண்

ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். மதுரையில் எங்கள் வீட்டில், என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினாறாம் நாள். பெயர் வைக்கவும் குழந்தையை முதன்முதலாகப் பார்க்கவும் மாப்பிள்ளை வீட்டார் கொட்டாம்பட்டியிலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

காரணம், பேத்தியின் முகம். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். அதில் இடது கன்னத்து நரம்பு அழுந்திவிட்டது. அழுதால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொள்ளும். தூங்கும்போதும் இடது கண் மூடாது. சில வாரங்களில் சரியாகிவிடும், அதுவரை கண் காயாமல் மருந்து போட்டு, தூங்கும்போது இமையைப் பிளாஸ்திரியால் ஒட்டிவையுங்கள் என்றார் டாக்டர். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான், புரியாமல் இல்லை. ஆனால், குறையுள்ள பிள்ளை என்று சம்பந்தி வீட்டில் பேசிவிட்டால்?

வேன் சத்தம் கேட்டதும், தூங்கிய குழந்தையின் பிளாஸ்திரியை நானே உரித்தேன்.

"அப்பா, எடுக்கக் கூடாதுன்னாருல்ல டாக்டர்?"

"கொஞ்ச நேரந்தான். வலது பக்கம் தெரியுற மாதிரி படுக்க வை."

கொஞ்ச நேரம் இரண்டு மணி நேரமானது. தூக்க வந்தவர்களையெல்லாம், தூங்குகிறது என்று சொல்லித் தடுத்தேன். மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா என்னை ஒதுக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கினார்.

"அண்ணே, மொதல்ல காத்தாடிய நிப்பாட்டுங்க. இந்தக் கண்ணு மூடலயே, செவந்துல்ல கெடக்கு. எம்புட்டு நேரமா இப்புடி?"

நான் மின்விசிறியை நிறுத்தினேன். மகள்தான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்களுக்குப் பயந்தா மறைச்சீக? பேரு வைக்கத்தானண்ணே வந்தோம், பொண்ணு பாக்கவா வந்தோம்?"

அதே வேனில் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சேலை முந்தானையால் குழந்தையின் முகத்தில் காற்றுப் படாமல் மறைத்தபடி அந்த அம்மாவே மடியில் வைத்திருந்தார். கருவிழி காய்ந்து புண்ணாகியிருந்தது. மூன்று நாள் கழித்துத்தான், பார்வைக்கு ஆபத்தில்லை என்றார்கள். அந்த மூன்று நாளும் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புண் ஆறியது. டாக்டர் சொன்னபடி இரண்டாம் மாதத்தில் முகமும் நேரானது. இப்போது பள்ளிக்கூடம் போகும் பேத்திக்கு எதுவும் தெரியாது. மகளிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இதை அவள் படிப்பாள் என்றுதான் எழுதுகிறேன். பேத்தி தூங்கும்போது இரண்டு கண்களும் மூடியிருக்கும் என்று தெரியும். தெரிந்தும், குனிந்து பார்க்காமல் அந்தக் கட்டிலைக் கடக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.