சம்பளம் இல்லாத சர்டிபிகேட்

அப்பா கிடங்கில் மூட்டை தூக்க முடியாமல் படுத்துவிட்டார். அவருக்கு மருந்து வாங்க டிஸ்பென்சரியில் நின்றபோதுதான் தோன்றியது: நானே கம்பவுண்டர் ஆனால் என்ன? தனியார் பயிற்சிப் பள்ளி ஒன்றில் கட்டணம் நூற்றைம்பது ரூபாய். மாதம் நாற்பது சம்பளம் வந்தால் நாலே மாதத்தில் திரும்பிவிடும்! அம்மா கடைசி வளையலைக் கழற்றித் தந்தாள்.

அடகுக்கடைக்குப் போகிற வழியில், டிஸ்பென்சரியில் மருந்துக் குப்பிகளுக்கு அளவுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் சேட்டனிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நானும் அங்கதான் பாஸானேன், தங்கச்சி," என்று சிரித்தார். "சம்பளமா? ரெண்டு நேரம் சாயா கிட்டும். இந்த இடத்துக்கே வெளிய பத்துப் பேரு நிக்கறாங்க."

நான் போட்ட கணக்கில், பாஸாகியும் சம்பளம் கிடைக்காதவர்களைச் சேர்க்கவே இல்லை.

வளையலைத் திருப்பிக் கொடுத்தேன். "அப்ப இனி என்னடி வழி?" என்று அம்மா அழுதாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு உதவித்தொகை உண்டாம். நாளை முதல் படகில் எறணாகுளம் போகிறேன், படித்து முடித்தவர்களைத் தேடி, வேலையும் சம்பளமும் கிடைத்ததா என்று கேட்க.