முப்பத்திரண்டு செக்கன்

பல் பிடுங்கி மூன்றாம் நாளும் தயாளினிக்கு இரத்தம் நிற்கவில்லை. மல்லாவியிலிருந்து தாயுடன் பஸ்ஸில் வந்தவள் வாயில் அடைத்திருந்த துணியை எடுத்தபோது, இரத்தக் கட்டியும் எச்சிலுமாகக் கையில் வழிந்தது. அரச வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக வேலை செய்யும் பிரேமிளாவுக்கு அந்த நாற்றம் புதிதல்ல. தயாளினி நீட்டிய பழைய ரிப்போட்டை வாசித்தபோதுதான் அவளுக்கு ஒருமாதிரி இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு தனியார் பரிசோதனை நிலையம் கொடுத்தது அது. இரத்தம் உறைய முப்பத்திரண்டு செக்கன், குறைபாடு இல்லை என்றிருந்தது.

"அப்ப ஏன் சோதிச்சனீர்?"

"மாதத்தில பன்னிரண்டு நாள் இரத்தம் போகும் மிஸ். ரிப்போட்டில ஒண்டுமில்லை எண்டதும், நான் களவாப் பிள்ளை அழிச்சனான் எண்டு மாமி ஊரெல்லாம் கதைச்சவா. அவரும் அதை நம்பி விட்டிட்டுப் போயிட்டார்."

பிரேமிளா நீல மூடிக் குழாயில் கோடுவரை இரத்தம் எடுத்துப் பார்த்தாள். எழுபத்தெட்டு செக்கன். சுகமான ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்தபோது நேரம் வழமைக்கு இறங்கியது. இரத்தத்தை உறையச் செய்யும் காரணி ஒன்று தயாளினிக்குக் குறைவு. எது என்று அறியக் கொழும்புக்கு மாதிரி போனது. அவளுக்குப் பிளாஸ்மா ஏற்றிய பிறகு இரத்தம் நின்றது.

அதன்பின் அந்த நிலையத்தின் ரிப்போட் வைத்திருந்தவர்களிடமெல்லாம் பிரேமிளா கேட்டு வாங்கினாள். ஏழு கிடைத்தன. எழுபது வயதுக் கிழவருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் முப்பத்திரண்டு செக்கன்தான்.

லீவு நாளில் அந்த நிலையத்துக்கு நேரே போனாள். சீனி பார்க்கும் கருவியும் கலங்கள் எண்ணும் கருவியும் மட்டும் இருந்தன. குளிர்சாதனப் பெட்டியில் இரத்தக் குழாய்களோடு மீன்குழம்புப் பார்சல் ஒன்று எண்ணெய் கசிந்தபடி கிடந்தது.

"இரத்தம் உறையிற சோதினையை எதில செய்யிறனீங்கள்?"

உரிமையாளர் ஐயாத்துரை சிரித்தபடி கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ தங்கச்சி. உது நூறு பேரில தொண்ணூத்தொன்பது பேருக்குச் சரியாத்தான் வரும். சும்மா ஏன் சனத்தைக் கொழும்புக்கு அலைய விடுவான்?"

அவள் இருக்கவில்லை. வெளியே வந்து ஒழுங்கை ஓரமாகக் காறித் துப்பினாள். ஏழு ரிப்போட்டுகளையும் இணைத்துச் சுகாதாரத் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதினாள். நிலையம் மூன்று வாரம் பூட்டிக் கிடந்தது. பிறகு வேறு பெயர்ப்பலகையோடு திறந்தது. உள்ளே அதே ஐயாத்துரை.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. பதினோராம் காரணி, பிறவிக் குறைபாடு. குறைபாட்டைக் குறித்த அட்டையை வாங்கத் தயாளினி வந்த அன்று, விசயம் கேள்விப்பட்ட மாமியாரும் பழப்பையோடு வந்து நின்றாள்.

"எங்களுக்கென்ன தெரியும் பிள்ளை? ரிப்போட்டில அப்பிடித்தானே கிடந்தது. மகனும் உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவன்."

தயாளினி அந்தப் பையைப் பார்த்தாள். "நீங்கள் சாப்பிடுங்கோ மாமி," என்றாள். தாயைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.