இடது கன்னத்தில் இரண்டு விரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் என்னையே பார்த்தார்கள். சரி, ஆயிரம் இல்லை. பாடகர் குழுவையும் வீறிட்ட ஒரு கைக்குழந்தையையும் சேர்த்தால் எண்பது தேறும். பார்த்ததும் என்னை அல்ல, என் நாத்தனாரை.

ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நோயாளிகள் வைத்த பெயர் ஊசி. வலிக்காமல் குத்துவாள், வலிப்பதெல்லாம் அவள் பேச்சுதான். வீடு திரும்பினால் ஓபோ வாத்தியமும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கறுப்புக் குழலின் சீவாளியை உதட்டால் இறுகக் கவ்வினால்தான் நாதம் வரும். வாயோரம் துளி காற்று கசிந்தாலும் போச்சு.

படுக்கையில் கிடந்த அவள் புருஷன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எனக்கு நினைவு ஆராதனை வச்சா யாரும் பேச வேணாம். நீ ஊது, போதும்."

அவரை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், பல் துலக்கப் போனவள் கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடந்தது. கொப்பளித்த தண்ணீர் ஓரமாக வழிந்தது. முகவாதம், குணமாக மூன்று மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். ஆராதனைக்கு இருந்ததோ பதினோரு நாள். கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஆராதனையன்று சாயங்காலமே கிளம்பியாக வேண்டும், தள்ளிப்போடவும் வழியில்லை.

"நான் ஆர்கன்ல வாசிச்சிடறேம்மா" என்றார் ஆலயத்து ஆர்கன்காரர்.

"அவர் கேட்டது உங்ககிட்டயா?" என்று பாய்ந்தாள். எச்சிலும் கூடவே பாய்ந்தது.

உதட்டோரம் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தாள்; ஈரத்தில் உரிந்தது. துணியால் தாடையைக் கட்டினாள். பல்வலிக்காரி மாதிரி இருந்தாளே தவிர காற்று நிற்கவில்லை. ஆராதனைக்கு முந்தின நாள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை அண்ணி. அதுக்குக்கூட இந்த வாய் உதவலையே."

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவள் உதட்டோரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். "ஊதுடி."

நாதம் வந்தது.

"உங்க விரல்ல வெங்காய நாத்தம்."

"மோந்து பாக்கவா சொன்னேன்? ஊது."

மறுநாள் சபை முழுக்கப் பார்க்க, கன்னம் கிள்ளும் டீச்சர் மாதிரி அவள் பக்கத்தில் நின்றேன். முன்வரிசையில் மகன் தலையைக் குனிந்துகொண்டான். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரி நிமிர்ந்தது. என் விரலடியில் அவள் கன்னம் துடித்தது. நான் விரலை எடுக்கவே இல்லை. கடைசிச் சுரம் வரை ஊதி முடித்தாள். கூரை அதிர்ந்தது.

இவ்வளவையும் எழுதி, பக்கத்தில் இருக்கும் நாத்தனாரிடம் இப்போது வாசித்துக் காட்டினேன்.

"பொய் அண்ணி. மூணாவது வரியில கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தீங்க. காத்து போயிடுச்சு. மறுபடி பிடிச்சீங்க, எனக்குத்தான் மூச்சு சேரல. மீதியை ஆர்கன்காரர் வாசிச்சார். அப்படியே எழுதுங்க."