வெயிலில் வைத்த கிட்டார்கள்

நினைவு மலரில் மூத்தவருக்கு இளையவர் எழுதுவதே எங்கள் குடும்ப வழக்கம். அந்த வரிசை மாறிப்போனதால், என்னைவிட ஒன்பது வயது இளையவரான தம்பியின் முதலாண்டு நினைவு நாளுக்கு நான் எழுத நேர்ந்திருக்கிறது.

உத்திரமேரூரில், ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்து வாழ்ந்த எங்கள் வீட்டில் தம்பி கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு, மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்து சென்னைக்குப் போனார். மடியில் கிடத்தி, இடக்கையால் எஃகு உருளையைக் கம்பிகள்மேல் நகர்த்தி, வலக்கையால் மீட்டும் ஸ்டீல் கிட்டார் அவருடைய வாத்தியம். உறவினர் கேட்டபோதெல்லாம், தம்பி ஒரு கம்பெனியில் வேலையாக இருக்கிறார் என்றே சொல்லிவந்தேன். அது அவருக்குத் தெரியும். ஒருமுறையும் என்னை மறுத்துப் பேசியதில்லை.

மனைவியை இழந்த பின், மகளோடும் ஒன்பது கிட்டார்களோடும் ஊர் திரும்பினார். நான்கு, மடியில் வைத்து வாசிப்பவை. ஐந்து, சாதாரண மரக் கிட்டார்கள். அவற்றுள் ஒன்று பழைய சாமான் கடையில் கழுத்து முறிந்து கிடந்தது. ஓராண்டு பாடுபட்டு அதை அவரே ஒட்டி எடுத்தார். வெயில் படாத நடு அறையில் எல்லாவற்றையும் மாட்டினார். கோடையில் மரம் காய்ந்து வெடிக்கும் என்று அறை மூலையில் சட்டி நிறையத் தண்ணீர் வைப்பார்.

"இன்னாடா, உன் மாடுங்க தண்ணி குட்சிதா?" என்பேன்.

"குட்சிச்சிண்ணா. உன் மாடு மாதிரி சட்டிய ஒடைக்கல" என்பார்.

பிறகு பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தை முடக்கியது. உருளை பிடிக்கும் கை போய்விட்டது. எதிரே மகளை உட்காரவைத்து உருளையை அவளிடம் கொடுத்தார், மீட்டியது அவர். "மெதுவா நவுத்தும்மா. பஸ்ஸ புடிக்கவா ஓட்ற?" என்று அதட்டுவார். அதன் பின் அவர் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி கொடுத்து, துணி துவைத்துக் கவனித்தவர், எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் வசந்தா. சித்திரை மாதக் காலையொன்றில் தம்பியின் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவரும் அவரே.

காரியத்துக்கு முந்தின நாள் வீடு கழுவுவது எங்கள் முறை. சாவு வீட்டுச் சாமான் அனைத்தும் வெளியே வந்து, நீர் பட்டு, வெயிலில் காய்ந்த பிறகே உள்ளே போக வேண்டும். தம்பி மகள் ஒரு வேலையாகக் காஞ்சிபுரம் போயிருந்தாள். கிட்டார்களையும் வெளியே கொண்டுவரச் சொன்னேன்.

வசந்தா தயங்கினார். "ஐயா, அதத் தொட வேணாம்னு பாப்பா சொல்லிட்டுப் போச்சி."

"சாவு வூட்ல எதுவும் உள்ள இருக்கக் கூடாது. நாளைக்கி சொந்தக்காரங்க வந்து என்னத்தான் கேப்பாங்க. எட்தாந்து தொடச்சி வெய்யில்ல வை."

ஒன்பதும் நெல் காயவைக்கும் களத்தில், ஈரத் துணியால் துடைக்கப்பட்டு, பகல் முழுதும் கிடந்தன. மடியில் வைத்து வாசிப்பவை கெட்டிப் பலகையால் ஆனவை, தப்பித்தன. மரக் கிட்டார்களில் மூன்றின் மேற்பலகை வெடித்தது. மற்ற இரண்டில் கம்பிகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்துவிட்டது. தம்பி ஒட்டி எடுத்த கழுத்து மறுபடியும் விட்டுப்போயிருந்தது.

மாலை பஸ்ஸில் திரும்பியவள் களத்தைப் பார்த்தபடி நின்றாள். "யாரு பெரிப்பா இத வெளிய வெச்சது?"

"வசந்தாதான் தொடச்சிக்கினு இருந்தா" என்றேன்.

துடைத்தவர் வசந்தாதான். துடைக்கச் சொன்னது யார் என்பதை நான் சொல்லவில்லை. கையில் ஈரத் துணியுடன் அவர் அங்கேயே நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போனார். அதன் பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நடவுக்கும் வரவில்லை. விவரம் தெரியாத கூலிக்காரி பாழாக்கிவிட்டாள் என்று உறவினர் பலரும் பேசினார்கள். என் முன்னாலேயே பேசினார்கள். ஓராண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்ற வாரம் தம்பி மகளிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத மலர்ல போட்டே ஆவணுமா பெரிப்பா? ஊரே படிக்குமே" என்றாள். ஊர் முழுதும் ஒருவரைப் பழித்த பிறகு, மறுப்பை வீட்டுக்குள் மட்டும் சொல்வது முறையாகாது என்றேன். அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்குமாறு நான் கேட்கவும் இல்லை.

தம்பிக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும், இறுதி ஊர்வலத்தில் உடன் நடந்த தெருவினருக்கும், மூன்று கிட்டார்களைச் செப்பனிட்டுத் தந்த தச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. மற்ற இரண்டும் இனி வாசிக்க உதவாது என்று தச்சர் சொல்லிவிட்டார்.

வசந்தா அவர்களுக்கு நன்றி மட்டும் போதாது. அவர்மீது எக்குற்றமும் இல்லை, உத்தரவிட்டவன் நான். அவருக்குப் படிக்க வராது. எனவே இம்மலரின் முதல் பிரதியுடன், இந்நாள்வரை நான் கால் வைத்திராத அவருடைய தெருவுக்குப் போய், அக்கம்பக்கத்தார் கேட்க, இந்தப் பக்கத்தை நானே வாசிப்பேன்.