நடுநிலை எழுதிய பெயிண்டர்

துறைமுகத்தில் கொடிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாடுகள் மூன்று வருஷமாக அடித்துக்கொண்டிருந்தன. எந்தப் பக்கமும் சேராத நம் கப்பல்களின் இரண்டு பக்கமும் பெரிதாகக் கொடி வரைந்து, கீழே ஆள் உயர எழுத்தில் ‘நடுநிலை’ என்று எழுதும் பெயிண்டர் அவர். அதைப் பார்த்தால் நீர்மூழ்கிக்காரன் சுடாமல் போய்விட வேண்டும், அதுதான் ஏற்பாடு.

மாப்பிள்ளைக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். மகள் பயந்தபோது, தான் கொடி போட்ட கப்பலை எவனும் தொடமாட்டான் என்று மார்தட்டினார்.

போன மாதம் மேஸ்திரி வேறு வேலை கொடுத்தார். அறுநூறு மரப்பெட்டிகளில் பழைய எழுத்தை அழித்துவிட்டு ‘மீன் டப்பா’ என்று எழுத வேண்டும். அந்த மீனை ஒரு பெட்டிக்கு நாலு பேர் தூக்கினார்கள். அழித்தவருக்கு அது பீரங்கிக் குண்டு என்று தெரியாமல் இருக்குமா? இரட்டைச் சம்பளம் கொடுத்து வாயைப் பூட்டிவிட்டார்கள். பெட்டிகள் மாப்பிள்ளையின் கப்பலில் ஏறியதையும் பார்த்தார். கொடிதான் இருக்கிறதே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நீர்மூழ்கி சுட்டதில் அந்தக் கப்பல் மூழ்கியது. ஒருவரும் திரும்பவில்லை. நம் கொடியை அவமானப்படுத்திவிட்டார்கள், இனிப் பொறுக்க முடியாது, போர் என்று வானொலியில் அறிவித்தார்கள். தெருவே கைதட்டியது. செய்தித்தாளில் அவர் வரைந்த கொடி முழுப்பக்கத்துக்கு வந்தது.

அவர் நேரே துறைமுக அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டி விஷயத்தைச் சொன்னார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அதிகாரி அவருக்கு நாற்காலி போட்டார்.

“கொடியப் பாத்தும் சுட்டிருக்காங்க. சண்டைக்கு அது போதும்ணே. மீன் டப்பாவ எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?”

அதோடு சாம்பல் நிற பெயிண்ட் இருபது டின் கொடுத்தனுப்பினார். இனி கப்பல் எதிரியின் கண்ணில் படக் கூடாதாம். சாயங்காலத்துக்குள் அவர் தன் கையாலேயே மூன்று ‘நடுநிலை’யை அழித்துவிட்டு வீடு திரும்பினார்.

மகள் அந்தச் செய்தித்தாளை மடியில் வைத்திருந்தாள்.

“பெயிண்ட் மங்கிப்போச்சாப்பா? கொடி அவங்களுக்குத் தெரியலையா?”

ஆமாம் என்றிருந்தால் பழி பெயிண்டின் தலையில் போயிருக்கும். பாவி மனுஷனுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

“நல்லாவே தெரிஞ்சுதும்மா. உள்ள குண்டு இருந்ததும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

மகள் அவர் விரல்களில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத்தையே பார்த்தாள்.

“உங்களுக்கு?” என்று கேட்டாள்.